சந்தா

வந்த புதிதில் குடையை நம்பினேன்.
வட்டக்கல் தோட்டம், மேக்கணக்கு.
பொகவந்தலாவையிலிருந்து வரும் கடைசி பஸ்
மூச்சிரைத்துத் திரும்பும் இடம்.
மழை இங்கே மேலிருந்து மட்டும் வருவதில்லை,
பள்ளத்திலிருந்தும் ஏறி வரும்
முகிலோடு சீருடைக்குள்.
மூன்று குடை முறிந்தது.
நாலாவதை நான் வாங்கவில்லை.

பேசாலையில் எங்கள் நிலம் தட்டை.
யார் வந்தாலும் தூரத்திலேயே தெரியும்,
நாய் குரைக்குமுன் தேத்தண்ணிக்கு உலை வைத்துவிடலாம்.
இங்கே வளைவிலிருந்து
திடீரென்று ஆட்கள் பிறக்கிறார்கள்.
பிள்ளை பிறப்பது பார்ப்பதே என் தொழில்
என்றாலும் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன்.

மாற்றல் கேட்டு எழுதினேன்.
காரணம்: சுவாசக் கோளாறு.
முழுப் பொய்யில்லை,
தராசைத் தோளில் மாட்டி லயத்துக்கு லயம் ஏறினால்
பாதிப் படியில் மூச்சு நின்று யோசிக்கும்.
பிள்ளைகள் தராசில் தொங்கும்போது அழுதார்கள்.
நான் இறங்கி வரும்போது.

அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்ளச் சொன்னவள் தவமலர்,
எட்டு மாத வயிறு, முதுகில் கொழுந்துப் பை.
"மிஸ்ஸிக்கே சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு பாருங்க."
அவளுக்கு நான் இரும்புக் குளிசை கொடுத்தேன்.
"ஒங்க ஊருல தேயில இல்லாட்டி
பொழுதன்னைக்கும் என்னாதான் செய்வாங்க?"
கடலைச் சொன்னேன், வலையைச் சொன்னேன்.
"மீன நிறுப்பாங்களா?"
நிறுப்பார்கள்.
"அப்ப அங்கயும் கிலோ வெட்டுவாங்க."
நான் ஓம் என்றேன்.
அவள் ஆமா என்றாள்.

நத்தாருக்கு வீட்டுக்குப் போனேன்.
தங்கச்சி பாரை பொரித்தாள்.
இரவு முழுக்கக் கடல் ஒரே சொல்லைச் சொன்னது,
எனக்கு நித்திரை இல்லை.
தகரத்தில் ஒரு சத்தமும் இல்லாத கூரை
யாரோ பேச்சை நிறுத்தியது போலிருந்தது.
"என்னா வெயிலு" என்று காலையில் சொன்னேன்.
மீன் சட்டியை இறக்காமல்
தங்கச்சி திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

தை மாதம், சம்பளம் போட்ட மறுநாள்,
படங்கை வாசலில் உதறிவிட்டு
அர்ச்சுணன் அண்ணன் நின்றார்.
கக்கத்தில் நனையாத ஒரு கொப்பி.
"மரணாதாரச் சங்கம், மிஸ்ஸி. இருநூறு ரூவா."
யார் செத்தது என்று பதறினேன்.
"யாரும் சாகல. ஒங்க பேரு இருக்கு."

நின்றபடியே விளக்கினார்:
பெட்டிக்கு இவ்வளவு, தப்புக்கு இவ்வளவு,
ராமுழிக்க வருபவர்களுக்குச் சீனி, தேயிலை,
தூக்க எட்டுப் பேர்,
மழையென்றால் பன்னிரண்டு, வழுக்கும்.
"நீங்க வேதக்காரங்க.
பாதர கூட்டியார வேன் காசும் சேத்திருக்கு."

எனக்கு முப்பத்துநாலு வயது.
மாற்றலுக்கு இன்னும் பதில் வரவில்லை.
பன்னிரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு
நாலாம் நம்பர் மலையில் இறங்குவதைப் பார்த்தேன்.
முன்னால் யார், எந்த இடத்தில் யார் தோள் மாற்றுவார்,
மதகு திருப்பத்தில் யார் யாரைத் திட்டுவார்,
எல்லாம் தெரிந்திருந்தது.
அவர்களில் மூன்று பேரின் பிள்ளைகளை
என் தராசு அறியும்.

காசைக் கொடுத்தேன்.
நூற்றுப் பதினேழாம் இலக்கம்,
டெல்பின் என்பதைத் தெல்வீனா என்று எழுதியிருந்தார்.
திருத்தவில்லை.

படங்கைப் போர்த்திக்கொண்டு படியிறங்கியவர்
பாதியில் நின்றார்.
"பாக்கி இருபத்தாறு மாசம் இருக்கு மிஸ்ஸி.
கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு.
மெதுவாக் குடுங்க."

விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன்.
முதல் குடை முறிந்த மாதம்.